கோயில்பிள்ளை காலமானார் என்று யார் சொன்னது?

ஜூலை 3, வியாழன்

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க முத்துப்பேச்சி வந்தாள். அங்கன்வாடி டீச்சர். எங்கள் வார்டின் வாக்குச்சாவடி அலுவலர் வேலையையும் அவள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

வாய்க்கால்பாலத் தெருவுக்கு முப்பத்தோரு வருஷம் குடிதண்ணீர் திறந்துவிட்டவன் நான். எந்த வீட்டில் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும். அதனால் பேச்சி இந்தத் தெருவில் வீடு வீடாக ஏறுவதில்லை. வால்வுக் குழி மூடிமேல் துண்டை விரித்து நான் உட்காருவேன். அவள் பெயரை வாசிப்பாள். இருக்கான், கட்டிக் கொடுத்தாச்சு, திருப்பூர் போயிட்டான் என்று நான் சொல்வேன். இருபத்தாறு வீடு, அரைமணி நேரம். ஆறு வருஷமாக இப்படித்தான்.

“வாங்க தாசில்தாரம்மா” என்றேன்.

“பெரியப்பா, காலையிலேயே ஆரம்பிக்காதிய. பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கணும்.”

“அவிச்ச முட்டையில ஓட்டு யாருக்குன்னு எழுதி அனுப்புதியாமே?”

சிரித்தாள். பதினாலாம் நம்பர் வீடு வந்தது. என் பக்கத்து வீடு. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. “தையல்காரப் பெரியப்பா எங்க?” என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

நாளைக்குப் பேச்சியைப் பார்த்தால் சரிசெய்துகொள்ளலாம்.

என் வீட்டுக்காரி பகவதி இன்று புளிக்குழம்பில் உப்பு போடவில்லை. சொன்னால் என் நாக்கைக் குறை சொல்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

பேச்சி வரவில்லை. அங்கன்வாடியில் ஆய்வாம்.

ஜூலை 12, சனி

பதினாலாம் வீட்டுச் செம்பருத்திக்கு ரெண்டு செம்பு ஊற்றினேன். பாவம், செடி என்ன செய்தது.

போன மாதம் தையல்காரர் கோயில்பிள்ளை பெட்டியோடு ஆட்டோவில் ஏறியபோது நான் டீக்கடையில் இருந்தேன். பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார், போய்விட்டார். திருச்சியில் மகள் வீடு என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். வீட்டுக்காரியும் உயிரோடு இல்லை, இனி அங்கேயே இருந்துவிடுவார் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் பக்கத்து வீடு. சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

ஜூலை 29, செவ்வாய்

கோயில்பிள்ளை வந்துவிட்டார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. புரை எடுத்துவிட்டார்களாம்.

“யாருவே அது, கொள்ளைக்கூட்டத் தலைவன் மாதிரி?” என்றேன்.

“உம்ம மூஞ்சி இவ்வளவு அசிங்கமா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா ஆப்பரேசனே பண்ணியிருக்க மாட்டேன்வே.”

நல்ல தெளிவாகத்தான் தெரிகிறது போலிருக்கிறது. மதியம் பகவதி அவருக்கும் சேர்த்துச் சோறு வடித்தாள். இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பேச்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் கூடுதலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேரூராட்சி அலுவலகச் சுவரில் வரைவுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். புதுக்கண் வந்ததிலிருந்து கோயில்பிள்ளை மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, பஸ் நம்பர் எதையும் விடாமல் வாசிக்கிறார். சுவரையும் வாசித்திருக்கிறார். நேராக டீக்கடைக்கு வந்தார்.

“வே சொரிமுத்து, நான் செத்துட்டேன்வே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா” என்றேன்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நீக்கப்பட்டவர்கள் என்று தனியாக ஒரு தாள், அதில் பதினொன்றாவது பெயர் அவருடையது, காரணம் இறப்பு. இருபத்தோரு வயதில் முதல் ஓட்டுப் போட்டவர், ஒன்றையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போய்ப் போட்டதையெல்லாம் இன்னொரு முறை சொன்னார். எனக்கு மனப்பாடம்.

“எவ எழுதினாளோ அவள விடமாட்டேன்” என்றார்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பேச்சி வந்தாள். உள்ளே வரவில்லை. கேட்டில் நின்று “ஏன் பெரியப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் சொன்னதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோயில்பிள்ளை துணைக்குக் கூப்பிட்டார். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதும் சங்கரபாண்டியனிடம் போனோம். சங்கரபாண்டியன் சட்டம் எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பான்.

“அண்ணாச்சி, பேரச் சேக்கணும்னா ஆறாம் நம்பர் படிவம் போதும். புதுசா பதினெட்டு வயசு ஆனவன் குடுக்கிறது.”

“அப்போ இவருக்குப் பொண்ணு பாக்கலாமா?” என்றேன்.

“நீரு சும்மா இரும்வே” என்றார் கோயில்பிள்ளை. “அது தனியா குடுப்போம். எம்பேர அடிச்சவளுக்கு என்ன தண்டனை? அதச் சொல்லு தம்பி.”

சங்கரபாண்டியன் வாசித்துக் காட்டினான். பட்டியல் வேலை பார்க்கிறவர் தகுந்த காரணம் இல்லாமல் கடமை தவறினால் பிரிவு முப்பத்திரண்டு. மூன்று மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. ஆனால் மேலிடம் உத்தரவு போட்டால்தான் கோர்ட் எடுக்கும். அதற்குமுன் இங்கே விசாரணை.

“ரெண்டு வருஷமா!” என்றார் கோயில்பிள்ளை. குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியது. ஆனாலும் “எழுது” என்றார்.

பேச்சுவாக்கில் நான் கேட்டேன். “பொய்த் தகவல் குடுத்தவன்னு ஒருத்தன் இருந்தா, அவனுக்கு?”

“எழுத்துல குடுத்தா முப்பத்தொண்ணு. ஒரு வருஷம் வரை. வாயால சொன்னதுக்கு இதுல ஒண்ணும் கிடையாது.”

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு உளுந்தவடை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மூன்றாவது வாங்கினேன், பாதிக்குமேல் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பேச்சிக்கு மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும். அங்கன்வாடி வேலையையும் நிறுத்திவைக்கலாம் என்று பேச்சு. வருகிற சூப்பர்வைசர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறதாம். பதினாறு வருஷம் காத்திருந்தது.

இவ்வளவும் பகவதி குழாயடியில் கேட்டு வந்தது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடணும் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பகவதி கேட்டேவிட்டாள். “அன்னைக்கு வால்வுக் குழியில உக்காந்து அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னிய?”

காது கேட்காத மாதிரி இருந்தேன். “காதுக்கும் ஒரு ஆப்பரேசன் பண்ணிருவமா?” என்றாள். என்னோடு ஐம்பது வருஷம் இருந்து இவளும் கெட்டுப்போனாள்.

சரி, எழுதிவிடுகிறேன்.

கோயில்பிள்ளை திருச்சியில் செத்துப்போனார் என்று சொன்னேன். மகள் வீட்டில் ஆட்டுக்கறி விருந்து, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, விடியும்போது உயிர் போயிற்று, அங்கேயே அடக்கம் என்று சொன்னேன். கடைசியாக அவர் சொன்ன வார்த்தை ஒன்றும் சொன்னேன். சொல்லும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்புக்காக வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது. அதைப் பார்த்துத்தான் பேச்சி நம்பினாள்.

அவள் எழுந்து போகுமுன் உண்மையைச் சொல்லிச் சிரிப்பதாகத்தான் இருந்தேன். கண்ணைத் துடைத்தாளே, அதில் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு இன்னொரு நாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பேச்சி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எம்பேர எழுதிக் குடுத்துட்டியா?” என்றேன்.

“இல்ல. அக்கம்பக்கத்துல விசாரிச்சேன்னு எழுதியிருக்கேன்.”

“ஏன்? எம்பேரச் சொல்ல வேண்டியதுதான.”

“சொன்னா, அவர்கிட்ட எழுத்துல வாங்கினியான்னு கேப்பாங்க. பேர நீக்கக் குடுக்கிற ஏழாம் நம்பர் படிவம் எங்கன்னு கேப்பாங்க. இறப்புச் சான்று பாத்தியான்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்ல. ஒரு கிழவர் அழுதாரு, நம்பினேன்னு எழுதவா பெரியப்பா?”

“நான் வந்து சொல்லுதேன்.”

“நீங்க சொல்லி யாரு நம்புவா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அரைமணி நேரம் நானும் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

கோயில்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீரா, ஒரே குத்து. முப்பது வயசுல கோத்த மாதிரி.”

“நீரு செத்துப்போனதா பேச்சிகிட்ட சொன்னது நான்தான்வே” என்றேன்.

“போவும்வே” என்று சிரித்தார். இரண்டாம் முறை சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு விசாரணையை ஆரம்பித்தார்.

“எதுல செத்தேன்?”

“மக வீட்டுல ஆட்டுக்கறி தின்னு, நெஞ்சுவலி.”

“நான் கறி தின்னு ஆறு வருசம் ஆச்சு.”

“சாகப் போறவனுக்கு என்ன பத்தியம்.”

“அடக்கம் எங்க?”

“திருச்சியில.”

இதற்குத்தான் கோபம் வந்தது. எழுந்தே விட்டார். “நம்ம கல்லறைத் தோட்டத்துல அவ பக்கத்துல எனக்கு இடம் கிடக்குன்னு உமக்குத் தெரியும்லாவே! தெரிஞ்சும் என்னைக் கொண்டுபோய் எவனோ ஊர்ல புதைச்சிருக்கீரே, நீரெல்லாம் ஒரு மனுசனா?”

தப்புதான் என்று ஒத்துக்கொண்டேன். இங்கே கொண்டுவந்தால் பேச்சி மாலையோடு போய் நிற்பாளே, அதனால் அப்படிச் சொன்னேன் என்றேன். யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்றார்.

“கடைசியா என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல.”

“நீரு என்னைச் சும்மா சாகவிட்டிருக்க மாட்டீரு. சொல்லும்.”

“சொரிமுத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேனேன்னு சொன்னீரு.”

உட்கார்ந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“கண்ணு ஆப்பரேசன்னு சொல்லிட்டுப் போனா தெருப்பூரா குருட்டுக் கோயில்பிள்ளைன்னு பேரு வச்சிருப்பீருல்லா. அதான் சொல்லல.”

“வச்சிருப்பேன்” என்றேன்.

“தெரியும்.”

மனுவைத் திரும்ப வாங்கலாம் என்று சங்கரபாண்டியனுக்குப் போன் போட்டோம். கொடுத்தது கொடுத்ததுதான், விசாரணை நடந்தே தீரும், வேண்டுமானால் விசாரணையில் வந்து சொல்லுங்கள் என்றான்.

செப்டம்பர் 3, புதன்

மூன்று நாளாக வாக்குமூலம் எழுதுகிறேன். அரைப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு இது போதும். முதலில் எழுதியதைப் பகவதி படித்துவிட்டு, வேடிக்கையாக இருக்கிறது, வேறு எழுதுங்கள் என்றாள். இரண்டாவதும் அப்படியே. எனக்கு எழுத வருவதே அப்படித்தான். மூன்றாவதை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

விசாரணை. தாலுகா ஆபீஸ் மாடி. விசாரணை அதிகாரி ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், கண்டிப்பான முகம். பேச்சி ஒரு ஓரமாக நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

என் தாளை அந்த அம்மா இரண்டு முறை படித்தார்.

“இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?”

“உறவு ஒண்ணும் இல்லம்மா. நான் தண்ணி திறந்துவிட்ட வீட்டுப் பிள்ள.”

“காப்பாத்துறதுக்காக இதை எழுதிட்டு வந்திருக்கீங்க. யார் எழுதச் சொன்னது?”

“என் வீட்டுக்காரி.”

உண்மையைத்தான் சொன்னேன். அறையில் இரண்டு கிளார்க்குகள் சிரித்தார்கள். அதிகாரி தாளை ஓரமாகத் தள்ளினார். “பெரியவரே, இது விளையாட்டு இல்ல. ஒரு குடிமகனோட ஓட்டுரிமை போயிருக்கு.”

தெரியும் என்றேன். என் முகம் எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருக்கும், பிறவியிலேயே அப்படி. அது இன்றைக்கு ரொம்பக் கெடுத்துவிட்டது.

அப்போது கோயில்பிள்ளை எழுந்தார். மனுதாரர் என்பதால் அவரைக் கேட்டார்கள்.

“அம்மா, இவன் எங்கிட்ட நேருல வந்து நீ செத்துட்டன்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன். அப்படிச் சொல்லுவான். ஒரு தடவை தண்ணித்தொட்டியில முதலை கிடக்குன்னான். ரெண்டு நாளு தெருவுல ஒருத்தர் குடத்த எடுக்கல. அன்னைக்கு இருந்த சேர்மன் கம்பு எடுத்துட்டுத் தொட்டிமேல ஏறினாரு. அந்தப் பிள்ள எம்மாத்திரம்?”

“அதுக்கு ஆதாரம் இருக்கா?”

“இருக்கு” என்று நான் மஞ்சப்பையிலிருந்து எடுத்தேன். அதற்காக அப்போது எனக்குக் கொடுத்த மெமோ. பொதுமக்களிடையே பொய்யான செய்தியைப் பரப்பி அச்சம் விளைவித்தமைக்காக என்று முத்திரையோடு இருக்கிறது. மூன்று வருஷச் சம்பள உயர்வு அதில் போயிற்று. பகவதி காலையில் பெட்டியைக் கிளறி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மா நெடுநேரம் அதைப் பார்த்தார். கிளார்க்கிடம் நகல் எடுக்கச் சொன்னார். அப்புறம் பேச்சி பக்கம் திரும்பினார்.

“சரி, இவர் சொன்னார். நீ படிவம் வாங்கினியா? சான்று பாத்தியா? அவர் மகளுக்கு ஒரு போன் போட்டியா?”

“இல்லம்மா.”

“ஏன்?”

“ஆறு வருசமா கேக்கேன்மா. ஒரு தடவை கூட ஆள் விசயத்துல தப்பாச் சொன்னதில்ல. பிறந்தது, செத்தது, போனது எல்லாம் சரியா இருக்கும். அதான் கேக்கல.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே சங்கரபாண்டியன் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

உத்தரவு வந்தது. எனக்கும் ஒரு நகல். “திரு. சொரிமுத்து என்பவர் வேடிக்கையாகக் கூறிய தகவலை நம்பி, உரிய ஆவணங்களைப் பெறாமல்” என்று இருக்கிறது. கெட்ட எண்ணம் இல்லாததால் பிரிவு முப்பத்திரண்டுக்கு மேலே அனுப்பவில்லை. வேலை இருக்கிறது. எழுத்து மூலம் கண்டிப்பு, பணிப்பதிவேட்டில் ஏறும். வாய்க்கால்பாலத் தெரு முழுவதையும் வீடு வீடாக மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கோயில்பிள்ளைக்குப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

எனக்கு எந்தப் பிரிவும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

கண்டிப்பு ஏறியதால் பேச்சிக்கு இந்த வருஷம் சூப்பர்வைசர் பட்டியலில் இடமில்லையாம். பகவதி சொன்னாள். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பேச்சி பட்டியலோடு வந்தாள். வால்வுக் குழி மூடியைத் தாண்டி நேராக முதல் வீட்டுக்குப் போனாள். ஆள் வெளியே வரவேண்டும், அட்டையைக் காட்டவேண்டும், அவள் பார்த்துக் கையெழுத்து வாங்கவேண்டும். படுக்கையில் கிடக்கிற பால்க்காரர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முதல் மூன்று வீட்டுக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“நான் முன்னால போய் எல்லாரையும் ரெடியா நிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“உங்க இஷ்டம் பெரியப்பா” என்றாள். தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

போனேன். ஒவ்வொரு வீட்டிலும் தட்டினேன். “பேச்சி வாரா, ஓட்டு அட்டையை எடுத்துட்டு வாசல்ல நில்லுங்க” என்றேன்.

“அடுத்து யாருவே சாகப்போறது?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். “போங்க தாத்தா, யார ஏமாத்துதிய” என்று இன்னொன்று. ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள். கடைசி வீடு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாசலிலும் ஆள் இல்லை.

பதினாலாம் நம்பரில் மட்டும் கோயில்பிள்ளை வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டையைக் கையில் பிடித்தபடி கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.